சரயேவோவில் நூல்களைச் சுமந்தவர்கள்

செவ்வாய், மாலை

பாஷ்சார்ஷியா கடைவீதியில் பொழுது சாய்கிறது. காஜி ஹுஸ்ரெவ் பே பள்ளிவாசலை ஒட்டிய மணிக்கூண்டில் மணி பன்னிரண்டு. கடிகாரம் பழுதாகவில்லை, இங்கே சூரியன் மறைவதுதான் பன்னிரண்டு. பகல் நீளவும் குறையவும், ஒருவர் மேலே ஏறி முள்ளைத் திருத்தி வைக்கிறார். பயணி தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் காபிக் கடைக்குள் நுழைகிறார். நீளப் பிடி வைத்த செம்புப் பாத்திரம், பிடியில்லாத குட்டிக் கிண்ணம். சர்க்கரைக் கட்டியின் நுனியைக் காபியில் நனைத்துக் கடித்து, அதன்மேல் ஒரு மிடறு குடிப்பது உள்ளூர் வழக்கம்.

புதன், காலை

மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் வியெச்னிட்சா. ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியாளர்கள் 1896இல் திறந்த நகர மன்றம். இதற்காகத் தன் வீட்டை இடிக்கக் கூடாதென்று ஒருவர் அடம்பிடித்தார். கல் கல்லாகப் பெயர்த்து அக்கரையில் கட்டிக் கொடுத்த பிறகே விட்டார் என்பது ஊர்க்கதை. 'வீம்பு வீடு' என்ற பெயரோடு அது இன்று உணவகம்.

பின்னாளில் மன்றம் தேசிய நூலகமானது. 1992 ஆகஸ்ட் 25 இரவு, நகரை முற்றுகையிட்டிருந்த போஸ்னிய செர்பியப் படைகள் மலையிலிருந்து குண்டுவீசின. நூலகர்களும் ஊர்மக்களும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கைமாற்றி எடுத்தது போக, பெரும்பகுதி எரிந்துபோனது. கருகிய தாள்கள் ஊர்மேல் பறந்தன. கட்டடம் 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கூரையும் வண்ணத் தூண்களும் பளபளக்கின்றன. கொஞ்சம் அதிகமாகவே.

வியாழன், பகல்

மனம் ஒட்டுவது என்னவோ வாழைப்பழப் பெட்டிகளின் கதையில்தான். 1537இல் தொடங்கிய காஜி ஹுஸ்ரெவ் பே நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளை ஊழியர்கள் அந்தப் பெட்டிகளில் அடைத்து, முற்றுகைக் காலம் முழுக்க இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஓர் இடத்தில் ஆபத்து நெருங்கினால் அடுத்த இடம். பல்லாயிரம் பிரதிகள் பிழைத்தது அப்படித்தான்.

தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹகாதாவுக்கும் அதே தலையெழுத்து. 14ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஓவியங்களோடு எழுதப்பட்ட யூதப் பண்டிகை நூல் அது. 1942இல் நாஜிகளின் கைக்குப் போகாமல் அதை மறைத்துக் கடத்தியவர் தெர்விஷ் கோர்குத், முஸ்லிம் நூலகர். 1992இலும் அது தப்பியது.

பீரங்கிக்கும் தப்பிய அந்த அருங்காட்சியகத்தைப் பணத்தட்டுப்பாடு பூட்டியது. 2012இல் வாசலில் பலகை அறைந்தார்கள். 2015இல் திறக்கும்வரை ஊழியர்கள் சம்பளமில்லாமலே வந்து சேகரிப்பைக் காத்தார்கள்.