எதிர்க் கட்டில்

கல்லூரி ஹாஸ்டலில் இரண்டாம் வருடம் எனக்கு வாய்த்த ரூம்மேட்டை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. ராத்திரி பத்தரை ஆனால் டியூப்லைட்டை அணைத்துவிடுவான். நான் எழுந்து போய் மறுபடி போடுவேன். நான் ஃபேனை ஐந்தில் வைத்தால் அவன் மூன்றுக்குக் குறைப்பான். அறையில் நாங்கள் படம் பார்த்ததை வார்டனிடம் போட்டுக்கொடுத்தது அவன்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பதிலுக்கு, லேப் தேர்வுக்கு முந்தின நாள் அவனுடைய ரெக்கார்ட் நோட்டை நான் ஒளித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தால் பாதி நேரம் அவனைப் பற்றிய புகார்தான்.

அவனிடம் மொத்தம் ஏழு சட்டைகள் இருந்தன. சாம்பல் நிறச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். குளித்துவிட்டு வந்ததும் முதலில் இடது காதைத்தான் துடைப்பான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவன்தான் வருகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். பிடிக்காத ஒருவனைப் பற்றி இவ்வளவு ஏன் தெரிந்துவைத்திருக்கிறேன் என்று அப்போது யோசிக்கவே இல்லை. எதிரி என்றால் கவனித்துத்தானே ஆகவேண்டும்?

இதெல்லாம் நடந்து பத்து வருடம் கழித்து, 2018 இறுதியில், ரெயின்போ ரோவலின் ‘கேரி ஆன்’ நாவலை வாசித்தேன். 377ஆவது பிரிவு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த செப்டம்பரில்தான் வந்திருந்தது. இங்கிலாந்தில் வாட்ஃபோர்ட் என்றொரு மந்திரப் பள்ளி. அங்கே சைமன், பாஸ் என்று இரண்டு பையன்கள். யாருக்கு யார் ரூம்மேட் என்பதைப் பள்ளியில் ஒரு மந்திரக் கலம் தீர்மானிக்கும். கடைசி வருடம் வரை மாற்ற முடியாது. சைமன் பள்ளித் தலைவரின் வாரிசு. பாஸின் பரம்பரைக் குடும்பத்துக்கு அந்தத் தலைவரைக் கண்டாலே ஆகாது. பாஸ் ஒரு இரத்தக்காட்டேரி, என்றாவது ஒருநாள் தன்னைக் கொல்லப்போகிறான் என்று சைமன் உறுதியாக நம்புகிறான்.

கடைசி வருடம் தொடங்கும்போது பாஸ் பள்ளிக்கு வருவதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டிய சைமன், சாப்பாட்டுக் கூடத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நிலவறைகளில் போய்த் தேடுகிறான். ஏதோ சதித்திட்டம் தீட்டுகிறான், அதனால்தான் தேடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். பாஸ் கதைக்குள் வரவே ஏகப்பட்ட பக்கங்கள் ஆகின்றன. ஆனால் அவன் இல்லாத அந்தப் பக்கங்கள் முழுக்க அவன்தான் இருக்கிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரண்டாம் வருடம் என் ரூம்மேட்டுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தான். லைட்டை அணைக்க ஆள் இல்லை. ஃபேன் ஐந்திலேயே ஓடியது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒருநாள் ராத்திரி எழுந்து போய் நானே பத்தரைக்கு லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தேன். அவன் இளைத்துப்போய்த் திரும்பி வந்தபோது, “என்னடா, ரூம் நிம்மதியா இருந்துச்சா?” என்று கேட்டான். “ரொம்ப” என்றேன்.

வெறுப்பில் தொடங்கிக் காதலில் முடிகிற கதைகளுக்கு, எனிமீஸ் டு லவ்வர்ஸ் என்று இணையத்தில் சொல்லப்படுகிற வகைக்கு, ஏன் இத்தனை வாசகர்கள் என்று பலரும் கேட்பதுண்டு. சண்டையில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது என்பது வழக்கமான பதில். இரண்டு ஆண்களின் கதையாக இருந்தால் அது போதாது. ஒரு பையன் இன்னொரு பையனை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏன் என்ற கேள்வி வரும். அவன் எதிரி என்று சொல்லிவிட்டால் வராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவனைப் பார்க்கலாம், அவனைப் பற்றிப் பேசலாம், ராத்திரியெல்லாம் நினைக்கலாம். வேறு எந்த உறவுக்கும் எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை. பகைக்கு இருந்தது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அடிப்பவனும் உள்ளுக்குள் நேசிக்கத்தான் செய்கிறான் என்று எந்தக் கொடுமைக்கும் இந்தக் கதைகளைச் சாக்காகக் காட்டிவிடலாம். இதே வகையில் பெரிதாகப் பேசப்பட்ட சி. எஸ். பகாட்டின் ‘கேப்டிவ் பிரின்ஸ்’ வரிசையில், ஓர் இளவரசன் பகை நாட்டு இளவரசனிடம் அடிமையாக அனுப்பப்படுகிறான். ஒருவன் சங்கிலியோடும் மற்றவன் அரண்மனையோடும் இருக்கும்போது அதைப் பகை என்பதா, கொடுமை என்பதா? அதன் முதல் பாகத்தை என்னால் சங்கடமில்லாமல் வாசிக்க முடியவில்லை. எங்கள் ஹாஸ்டலிலும் நடையை வைத்துப் பட்டப்பெயர் சூட்டிய சீனியர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் என்னை ரகசியமாகக் காதலிக்கவில்லை. ‘கேரி ஆன்’ இந்த விஷயத்தில் கவனமாக இருக்கிறது. ரூம்மேட்கள் அறைக்குள் ஒருவரையொருவர் காயப்படுத்தக் கூடாது, மீறினால் பள்ளியை விட்டே வெளியேற்றம் என்று அங்கே மந்திரக் கட்டு ஒன்று போடப்பட்டிருக்கிறது. வெளியே எவ்வளவு சண்டை போட்டாலும் தூங்குகிற இடத்தில் பயமில்லை. அந்த ஒரு விதி இருப்பதால்தான் அவர்களுடைய பகை காதலாக மாற முடிகிறது என்று நினைக்கிறேன்.

அந்த உலகத்தில் எனக்கு இன்னும் பிடித்தது மந்திரம் வேலை செய்யும் விதம். சமஸ்கிருதம், லத்தீன் மாதிரி பழைய மொழியில் மந்திரம் கிடையாது. பழமொழி, குழந்தைப் பாட்டு, ஊரெல்லாம் முணுமுணுக்கிற சினிமாப் பாட்டு வரி மாதிரியானவைதான் மந்திரம். மந்திரம் தெரியாத சாதாரண ஜனங்கள் ஒரு சொல்லை எவ்வளவு அதிகமாகப் புழங்குகிறார்களோ அவ்வளவு சக்தி அதற்கு. புழக்கம் நின்றால் மந்திரமும் செத்துவிடும்.

2022 ஆகஸ்டில் தமிழக அரசு, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலைத் தொடர்ந்து, பால்புதுமையினரைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அன்று முழுக்க அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளியில் கேட்ட வசவுச் சொற்களைத் தவிர என்னைக் குறிக்க என் மொழியில் எதுவுமே காதில் விழாமல் வளர்ந்தவனுக்கு அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அடுத்த மாதம் அம்மா ஒரு ஜாதகத்தோடு போன் செய்தபோது, “தன்பாலீர்ப்பு” என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அது சரியான சொல்தான். எங்கள் வீட்டில் யாரும் புழங்கியதில்லை, அவ்வளவுதான். ஏதோ விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிற மாதிரி இருந்தது.

கடைசியில், “அம்மா, எனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும்” என்றேன்.

பிடிக்கும். வத்தக்குழம்பு பிடிக்கும், ரஜினியைப் பிடிக்கும் என்று தினம் நூறு தடவை நாம் சொல்லித் தேய்த்த சொல். ரோவலின் கணக்குப்படி தமிழில் அதைவிடப் பெரிய மந்திரம் இருக்க முடியாது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா கேட்டாள்: “அந்த ரூம் பையனா?”

சிரித்துவிட்டேன். “அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தைம்மா. எனக்கும் அவனுக்கும் ஒண்ணுமே இல்ல.”

“இல்ல, அவனைத் திட்டாம நீ ஒரு வாரம்கூட போனை வெச்சதில்ல. அதான் கேட்டேன்.”

எனக்கு ஒரு நாவல் வந்து சொல்ல வேண்டியிருந்ததை அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள்.

“அப்பாகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லாதடா” என்று வைத்துவிட்டாள். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போன் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது. தண்ணீர் லாரி, சித்தி வீட்டு கிரகப்பிரவேசம் என்று பேசினாள். ஜாதகப் பேச்சை எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை. ஏற்றுக்கொண்டாளா, சண்டையைத் தள்ளிப்போட்டிருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். சைமனும் பாஸும்கூட முதலில் போட்டுக்கொண்டது ஒரு போர்நிறுத்தம்தான்.