நாண் கேட்கும் கனம்

ஜூன் 9

மேசையில் கை கோத்து இழுக்கும்போது வலி தெரியவில்லை. மறுநாள் காலையில் குழாயைத் திருகும்போது தெரிகிறது. காபி டம்ளரைத் தூக்கும்போது, பைக் க்ளட்சை அழுத்தும்போது, பட்டறையில் லேத்தின் சக்கைச் சாவி போட்டு இறுக்கும்போது. முழங்கையின் உட்பக்கம், உடம்பை ஒட்டிய பக்கத்தில், விரலுக்குத் தட்டுப்படுகிற எலும்பு மேட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

பஞ்சா, அதாவது கை மல்யுத்தம், ஆடுகிறவர்களில் இந்த மேட்டை அறியாதவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடிக்கு வரும் பையன்கள் "நரம்பு இழுத்துக்கிச்சுங்ணா" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டுவார்கள். ஆளுக்கு ஆள் கதை வேறு. விரல் வைக்கிற இடம் ஒன்றுதான்.

ஜூன் 11

அந்த இடமே ஏன் என்று உடற்கூறு படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மணிக்கட்டை உள்ளே மடக்குகிற தசைகள், விரல்களை மடக்குகிற தசை, முன்கையைக் கவிழ்க்கிற தசை என்று ஐந்து தசைகள் ஒரே தசைநாணாகச் சேர்ந்து அந்த மேட்டில் போய் ஒட்டுகின்றன. ஹூக் போடுகிறவன் மணிக்கட்டை மடக்கி எதிராளியை உள்ளே இழுக்கிறான். டாப்ரோல் போடுகிறவன் கையைக் கவிழ்த்து எதிராளியின் விரல்களைத் திறக்கிறான். எது உயர்ந்த பாணி என்று இந்த இரண்டு கட்சிக்காரர்களும் டீக்கடையில் அடித்துக்கொள்வார்கள். சுமை வந்து இறங்குவது இருவருக்கும் ஒரு ரூபாய் நாணய அகலத்தில்தான்.

மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் ஓடுவது நிஜமான நரம்பு. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போனால், ஊசி குத்துவது போல் இருந்தால், அது நாண் சங்கதி இல்லை, நரம்பு. அதற்கு வைத்தியம் வேறு, அவசரமும் வேறு. எனக்கு விரல்கள் சரியாக இருக்கின்றன.

ஜூன் 15, ஞாயிறு

பாலக்காட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். 2023இல் ப்ரோ பஞ்சா லீக்கின் முதல் பட்டத்தைக் கொச்சி அணி தட்டிக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு நடையே மாறிவிட்டது. மாறட்டும். கேரளத்தில் பஞ்சகுஸ்திக்குக் கூட்டம் கூடுவதைப் போல நம் ஊரில் கூடுவதில்லை என்பது எனக்கு வெகுநாள் குறை.

நான் வலது கையை மேசையில் வைக்கவில்லை. உடனே மருந்துகள் கிளம்பிவிட்டன. ஒருவர் முறிவெண்ணெய் என்றார். இன்னொருவர் கொட்டம்சுக்காதி தைலம், அதுவும் சூடாக. "புத்தூர் கட்டு போடுங்ணா" என்றான் ஒருவன். உடையாத எலும்புக்குக் கட்டு எதற்கடா என்றேன். எண்ணெயை நான் பழிக்க மாட்டேன். இரவில் அக்கா தேய்த்துவிட்டபோது அரை மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. தேய்க்கிற கைக்கு அந்தச் சுகத்தில் பாதிப் பங்கு உண்டு. நாணுக்குள் என்ன நடக்கிறதோ அதை எண்ணெய் எட்டிப் பார்ப்பதில்லை.

ஜூன் 18

எலும்பு மருத்துவர் ஒருவர் பார்த்தார். "ஒரு ஊசி போட்டா ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஸ்டீராய்டு ஊசி வலியைச் சட்டென்று அடக்கும். நான் யோசிப்பது அதற்குப் பின் வரும் மாதங்களைப் பற்றி. ஆஸ்திரேலியாவில் முழங்கையின் வெளிப்பக்க வலிக்காரர்கள் 165 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஸ்டீராய்டு போட்டவர்கள் நான்காம் வாரத்தில் முந்தினார்கள். ஓராண்டு முடிந்து பார்த்தால் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். வலி திரும்பி வந்ததும் அவர்களுக்கே அதிகம். அது வெளிப்பக்கம், என்னுடையது உட்பக்கம். ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பத்து நோய்தான்.

வீக்கத்தை அடக்கும் மருந்து பெரிதாக உதவாததற்குக் காரணம், நாள்பட்ட நாண் வலியில் வீக்கமே முக்கியமாக இல்லை என்பது. 1979இல் நிர்ஷல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய கூட்டாளியும், டென்னிஸ் எல்போ என்கிற அந்த வெளிப்பக்க வலிக்காரர்களிடம் அறுத்தெடுத்த நாண் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். வீக்கச் செல்கள் கூட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் வரிசை குலைந்த நார்களும், கண்டபடி முளைத்த சிறு இரத்தக் குழாய்களும் இருந்தன. நல்ல நாணில் நார்கள் இழுபடும் திசையிலேயே நீளவாக்கில் ஒழுங்காக ஓடும். இதிலோ முறுக்கு விட்ட கயிற்றுப் புரியாக நாலா பக்கமும் பிரிந்து கிடக்கின்றன.

ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மருத்துவர் கோபிக்கவில்லை.

ஜூன் 24

பிசியோதெரபி மேடம் என்னைவிட வயதில் மிகச் சிறியவர். பஞ்சா பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கையை மேசையில் வைத்து ஹூக், டாப்ரோல் இரண்டையும் செய்து காட்டச் சொன்னார். பிறகு ஒரே கேள்வி: "சார், ரெஸ்ட்ல இருந்தப்போ வலி போச்சா?"

போயிற்று என்றேன்.

"திரும்ப ஆடினப்போ?"

நான் பேசவில்லை. அவரே சொன்னார்: "ரெஸ்ட் எடுத்தா வலி தூங்கும் சார். நாண் பலமாகாது. அதுக்கு வெயிட் வேணும். ஆனா மெதுவான வெயிட்."

மேசையில் கிடைப்பது இதற்கு நேர் எதிர். நடுவர் "ரெடி, கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் முழு பலமும் நாணில் இறங்கிவிடுகிறது. பாதி ஆட்டங்கள் ஓரிரு நொடியில் முடிந்துவிடும்.

அவர் எழுதிக் கொடுத்தது: முன்கையைத் தொடையில் சாய்த்து, உள்ளங்கை மேலே பார்க்க டம்பெல்லைப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் 45 நொடி. ஐந்து முறை. நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. வலி பத்துக்கு மூன்று, நான்கு வரை போகலாம். மறுநாள் காலையில் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் எடையைக் குறை. இனிமேல் எனக்குத் தினமும் தீர்ப்புச் சொல்லப்போவது காலைக் குழாய்தான்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று மேசைக்குப் போகாமல் உட்கார்ந்து படித்ததை எழுதிவைக்கிறேன். இரண்டு நாளாக மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. 1963இல் தடை ஒப்பந்தம் வந்தபின் படிப்படியாக இறங்கியது. காற்றில் இருப்பது பயிருக்குப் போகிறது, பயிரிலிருந்து நம் உடம்புக்கு வருகிறது. ஆகவே உடம்பில் ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ அந்த ஆண்டின் அளவு அதில் பதிந்துவிடும். டென்மார்க்கில் காட்யா ஹைனமையர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இறந்தவர்களின் குதிகால் நாணின் உட்பகுதியை எடுத்து இந்தக் கார்பனை அளந்து, 2013இல் வெளியிட்டார்கள். அந்த நாண் அவர்களுடைய பதினேழு வயதுவாக்கில் உருவானபடியே இருந்தது. அதற்குப் பின் ஏறக்குறைய புதுப்பிக்கவே இல்லை. அதே ஆளின் தசையோ அண்மைக் காலத்தைக் காட்டியது.

அவர்கள் பார்த்தது குதிகால் நாண். முழங்கையும் வெகுவாக மாறுபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் இன்று நான் சக் சாவியைத் திருகுகிற நாணின் உட்கரு, நான் பிளஸ் டூ படித்தபோது தின்ற கேழ்வரகுக் களியில் கட்டியது. என் மேல்கைத் தசை மட்டும் போன வருடத்துச் சரக்கு.

ஜிம்மிலிருந்து நேராக மேசைக்கு வருகிற பையன்களை நினைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் கை உருண்டு திரண்டுவிடுகிறது. சட்டைக் கை பிதுங்குகிறது. அந்தப் பலத்தை எலும்பில் கட்டிவைத்திருக்கும் நாணுக்குச் சேதியே போய்ச் சேர்ந்திருக்காது. முதல் வருடத்தில் அதிகம் கெடுகிறவர்கள் நோஞ்சான்கள் இல்லை, இவர்கள்தான். இது நான் மேசையருகே நின்று பார்த்தது.

உட்கரு மாறாது என்றால் எடை தூக்கி என்ன பயன் என்று மேடத்திடம் கேட்டேன். கெட்டுப்போன பகுதியைச் சுற்றி இருக்கிற நல்ல நாண் சுமையைப் பழகி வலுவாகும், வலியை உணர்கிற கூச்சமும் குறையும் என்றார். கெட்டதை நல்லதாக்குகிறேன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஜூலை 13

அசையாமல் பிடிப்பதிலிருந்து அசைப்பதற்கு வந்தாயிற்று. மூன்று எண்ணும்வரை மேலே, நான்கு எண்ணும்வரை கீழே. கவிழ்க்கும் தசைக்குப் பட்டறைச் சுத்தியல். பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைப்பக்கத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சாய்ப்பது. சுமை போதவில்லை என்றால் எடை கூட்ட வேண்டாம், பிடியில் கையை இன்னும் கீழே இறக்கினால் போதும். முதலாளி பார்த்துவிட்டு, "என்னப்பா, சாமி ஆடறயா?" என்றார்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் செய்கிறேன். கடும் பயிற்சி முடிந்த முதல் ஒரு நாள், ஒன்றரை நாளுக்கு நாணில் கட்டுவதைவிடச் சிதைவதுதான் முந்துகிறது. அதன் பிறகுதான் கட்டுவது மேலோங்கும் என்று டேனிஷ்காரர்களே எழுதியிருக்கிறார்கள். தினம் மேசையில் இழுக்கிறவனுக்குக் கட்டும் வேளை வருவதே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

தன் இட்லிக் கடையில் அக்கா குண்டானை இறக்கும்போது முகம் சுளித்தாள். கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு, ரொம்ப நாளா இருக்குது" என்றாள். பிடித்துப் பார்த்தேன். வெளிப்பக்க மேடு. துணி பிழிந்தாலும் வலிக்கிறதாம், மாவு அள்ளினாலும் வலிக்கிறதாம். இது டென்னிஸ் எல்போ. அவள் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே கிடையாது. 1873இல் இதை முதலில் குறித்த ரூங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் எழுத்து வேலை செய்கிறவர்களின் கையைப் பற்றித்தான் எழுதினார். டென்னிஸ்காரன் பெயர் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்தால் விளையாட்டுக் காயம், மேடம், சோதனை, புத்தகம். அக்காவுக்கு வந்தால் "ரொம்ப நாளா இருக்குது."

கவிழ்ந்த கையால் தூக்கினால் வெளிப்பக்க நாணுக்குச் சுமை அதிகம், உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி தூக்கு என்றேன்.

"கொதிக்கிற குண்டானையா? நீ வந்து தூக்கு."

கரண்டிக்கும் பாத்திரத்துக்கும் ஒத்துக்கொண்டாள். குண்டானைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டாள். ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, கையைக் கவிழ்த்து, மணிக்கட்டை மெதுவாக இறக்கப் பழக்கியிருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாடிக்குப் போனேன். ஆட இல்லை, பார்க்க. "அண்ணா, டெவன் லாராட்டே முழங்கை ஆபரேஷன் பண்ணிட்டுத் திரும்பி வந்து ஜெயிக்கலையா?" என்று ஒருவன் எனக்குத் தைரியம் சொன்னான். கனடாக்காரர், முன்னாள் ராணுவ வீரர், இந்தப் பையன்களுக்குக் குலதெய்வம். திரும்பி வந்தது உண்மை. பழுது பார்க்க அறுவை மேசைக்குப் போக வேண்டியிருந்தது என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது.

புதிதாக வந்த ஒருவனை நிறுத்திவைத்து ஒன்று மட்டும் சொன்னேன்: உன் கையையே பார். தோற்கிற நேரத்தில் முகத்தைத் திருப்பி, தோளை மேசைக்கு உள்ளே விட்டு, கை மட்டும் பின்னால் தங்கினால் மேல்கை எலும்பு முறுக்கிக்கொண்டு உடையும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவன் மறக்க மாட்டான். அதன் பக்கத்திலேயே ஓடுகிற நரம்பு அடிபட்டால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். நாண் வலி அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு, முதல் ஆட்டத்திலேயே முகத்தைத் திருப்பினான். ஆட்டத்தை நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 17

குழாய் இன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

குழாய் சொல்லிவிட்டது. பட்டறையில் அவசர ஆர்டர், நேற்றெல்லாம் சக்கை இறுக்கித் தளர்த்தினேன். எடையை ஒரு படி இறக்கி வைத்தேன்.

ஆல்ஃபிரெட்சன் என்ற சுவீடன் எலும்பு மருத்துவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவருக்கே குதிகால் நாண் வலி. அறுவை செய்யுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டாராம், அவர் மறுத்தாராம். நாண் அறுந்தாலாவது அறுவை செய்துதானே தீர வேண்டும் என்று, வலியோடு வலியாகக் கனத்தை ஏற்றி குதிகாலை இறக்கி இறக்கி நாணை அறுக்கப் பார்த்தாராம். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. 1998இல் ஓட்டக்காரர்கள் பதினைந்து பேரிடம் அதே முறையைப் பன்னிரண்டு வாரம் செய்து பார்த்து எழுதினார். நாண் வைத்தியம் ஓய்விலிருந்து கனத்தின் பக்கம் திரும்பியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. பன்னிரண்டு வாரம் என்பதைத்தான் பையன்கள் யாரும் காதில் வாங்குவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மேசையில் வலது கை. ஆட்டம் இல்லை. பாலக்காட்டுக்காரர் ஒருவர் எதிரில் நின்று பாதி பலத்தில் மெதுவாகச் சாய்க்க, நான் மெதுவாகத் தாங்கினேன். பிறகு இடம் மாற்றிக்கொண்டோம். வேடிக்கை பார்த்தவர்கள் சலித்துப்போய் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மறுநாள் காலை எப்படியிருக்கும் என்று தெரியாமல் எதையும் கூட்டப் போவதில்லை. மாவட்டப் போட்டிக்கு இடது கையை மட்டும் கொடுக்கிறேன். வலதுக்கும் பெயர் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். கொடுத்தால், முன்னால் ஒருவன் நிற்கும்போது பாதி பலத்தில் இழுக்க என்னால் ஆகாது. என்னை எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 21

அக்காவுக்கு எண்ணெய் பாட்டில் லேசாகிவிட்டது. இரண்டு கிலோ டம்பெல் ஒன்று வாங்கப் போனேன். கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவேன் என்றார். ஒரு கைதான் வலிக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஜோடியாகவே வாங்கி வந்தேன்.

"இன்னொண்ணு எதுக்கு?" என்றாள்.

"இடது கைக்கும் வந்தா?"

"வாயை மூடு." இரண்டாவதை எடுத்துப்போய் மாவுத் தூக்கின் மூடிமேல் வைத்தாள். பூனை தட்டிவிடாமல் இருக்குமாம்.