துருவமானின் வாய்ப்புண்

"ரெயின்டீருக்கு வாயில புண் வந்தா உனக்கென்னடி?" என்று சிநேகிதி கேட்டாள். நியாயமான கேள்விதான். கால்நடை மருத்துவம் படிக்கிற எங்களுக்குச் செமினார் தலைப்பு எடுக்கச் சொன்ன நேரம், நான் எடுத்தது இதைத்தான்: மந்தையாக வளர்க்கிற துருவமான்களுக்குத் தோல் நோய் தருகிற வைரஸ்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

காரணம் என்ர பெரிய மாமா. 1988 இல் நோர்வேயின் வட நுனியில் இருக்கிற ஃபின்மார்க்குக்குப் போனவர். எண்பதுகளில் எங்கட ஆக்கள் நிறையப் பேர் அங்கே மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் அனுப்புற படங்களில், எங்கட ஊர் ரோட்டில மாடு நிற்கிற மாதிரி அங்கே துருவமான் நிற்கும். அது காட்டில் தன்பாட்டில் திரிகிற மிருகம் இல்லை. காதில் குறி வெட்டப்பட்ட, சொந்தக்காரர் உள்ள மந்தை. சொந்தக்காரர் பெரும்பாலும் சாமி மக்கள். எங்கட சாமிக்கும் அவையளுக்கும் சம்பந்தமில்லை. நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் வடக்கில் வாழுகிற பழங்குடி மக்கள் அவர்கள்.

விசயத்துக்கு வாறன். 1992–93 குளிர்காலத்தில் பின்லாந்தில் துருவமான்களுக்கு ஒரு வாய் நோய் பரவியது. உதட்டிலும் முரசிலும் நாக்கிலும் கொப்புளம், பிறகு புண், பிறகு பூக்கோவா மாதிரித் தடித்த சதை. வாய் நோகும்போது மிருகம் எப்படித் தின்னும்? புண்ணுக்குள் பக்டீரியாவும் புகுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் குளிர்காலத்தில் சுமார் 400 மான்கள் செத்தன. பிறகு 1999–2000 இல் திரும்பவும் வாய்ப்புண். இந்த முறை கொஞ்சம் லேசானது. பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒரே வருத்தம்தான்.

எங்கட ஊரிலும் இது நடக்கிறதுதானே. உடம்பில கொப்புளம் கண்டால் "அம்மாள் வருத்தம்", வேப்பிலை கட்டு. கொப்பளிப்பானா சின்னமுத்தா என்றெல்லாம் பிறகுதான் யோசிப்பம். ஆட்டுக்கு வாய் புண்ணானால் வீட்டில அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுப் பூசுவா. அவவுக்கு அது வெறும் "வாய்ப்புண்". ஆனால் வாய்ப்புண் என்பது நோயின் பெயர் இல்லை, அது தெரிகிற இடத்தின் பெயர். அதற்குள் கால்-வாய் நோய் இருக்கலாம், முள் குத்தின காயம் இருக்கலாம், பப்பிலோமா வைரஸ் தருகிற பாலுண்ணி இருக்கலாம், ஓர்ஃப் என்கிற பராபொக்ஸ் வைரஸ் இருக்கலாம்.

சரி, எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? முதலில் புண்ணிலிருந்தோ அதன் பொருக்கிலிருந்தோ ஒரு துண்டு எடுக்க வேண்டும். அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பராபொக்ஸ் வைரஸ் நீள்வட்டமாக, நூல் சுற்றிய பந்து மாதிரித் தெரியும். நீளம் ஏறக்குறைய 260 நனோமீற்றர். நான் முதல் தரம் அந்தப் படத்தைப் பார்த்தபோது, இவ்வளவு வடிவான ஒன்றா ஒரு மிருகத்தைப் பட்டினி போடுகிறது என்றுதான் யோசித்தேன். ஆனால் அந்த நூற்பந்து "நான் பராபொக்ஸ்" என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பராபொக்ஸ் என்று சொல்லாது. இரத்தத்தில் பிறபொருளெதிரி தேடினாலும் அதே சிக்கல்; இந்தக் குடும்பத்து வைரஸ்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம்.

கடைசியில் கை கொடுத்தது மரபணு. பிசிஆர் மூலம் வைரசின் ஒரு மரபணுத் துண்டைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை வாசித்து, செம்மறியிலும் மாட்டிலும் எடுத்த வைரஸ்களோடு ஒப்பிட்டார்கள். 2004 இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வின் முடிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மான்களைக் கொன்றது ஓர்ஃப், அதாவது வழக்கமாகச் செம்மறியிலும் ஆட்டிலும் வருகிற வைரஸ். 1999–2000 இல் வந்ததோ மாட்டின் மடியில் புண் போடுகிற போலிக் கோவைசூரி வைரசுக்கு மிக நெருங்கியது. ஒரே மிருகம், ஒரே வாய், ஒரே மாதிரிப் புண். வைரஸ் மட்டும் இரண்டு.

இந்தப் பெயரால் மந்தை வைத்திருப்பவருக்கு என்ன லாபம்? நிறைய இருக்கு. கால்-வாய் நோய் இல்லை என்று உறுதியானால் முழுப் பிரதேசத்தையும் மூடத் தேவையில்லை. ஓர்ஃப் என்றால் செம்மறி நின்ற கொட்டிலையும் அதை ஏற்றின லொறியையும் யோசிக்க வேண்டும். காய்ந்த பொருக்குக்குள் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். மாட்டு வைரஸ் என்றால் தேடவேண்டிய இடம் வேறு. இரண்டுமே மனிசருக்கும் தொற்றும். கையில் சின்ன வெட்டு இருந்தாலே போதும், புண் வந்து ஆற வாரக்கணக்காகும். ஆகவே கையுறை. (அம்மாவுக்கும் இதைச் சொல்லியாச்சு. "ஓமோம்" எண்டா.)

இவ்வளவும் எழுதி முடித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. இந்த வைரஸ்களால் நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. அவற்றுக்கு ஒரு கீறல் வேண்டும். குளிர்காலத்தில் பனியைக் காலால் கிளறி, கீழே இருக்கிற மெத்தென்ற லைக்கனைத் தின்னுகிற மிருகத்தின் வாயில் கீறல் எங்கிருந்து வந்தது?

மாமாவிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். வைரஸ் பற்றி அவருக்குத் தெரியாது. காலநிலை தெரியும். "முந்தி குளிரெண்டா குளிர்தான் பிள்ளை. இப்ப நடுப் பனிக்குள்ள மழை பெய்யுது. பிறகு எல்லாம் கண்ணாடி மாதிரி இறுகிப் போயிடும்" என்றார். அதுதான் விடை. பனிக்கு மேல் மழை விழுந்து உறைந்தால், லைக்கன் ஐஸ் தட்டுக்குக் கீழே பூட்டப்பட்டுவிடும். மான் கிளறிப் பார்த்துத் தோற்கும். மந்தைக்காரர் வேறு வழியில்லாமல் வேலிக்குள் அடைத்துத் தீவனம் போடுவார். கரடுமுரடான வைக்கோல் வாயைக் கீறும். ஒரே தொட்டியில் பல வாய். நோய் கண்ட ஒரு மிருகம் உள்ளே நின்றால் போதும்.

ஆக, ஆய்வுகூடம் சொல்கிற பெயர் பாதிக் கதை. மற்றப் பாதி வேலி. அந்த வேலிக்குக் காலநிலை மட்டும் காரணமும் இல்லை. நோர்வேயின் ஃபோசன் பகுதியில் சாமி மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகளை நட்டார்கள். வழக்கு நடந்தபோது கீழ் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பரிகாரம் என்ன தெரியுமா? குளிர்காலத்தில் மான்களை வேலிக்குள் அடைத்துத் தீனி போடலாம், அதற்குப் பணம் கொடுக்கலாம் என்பது. 2021 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த அனுமதி சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் காற்றாலைகள் சுழன்றன. 2023 பெப்ரவரியில் எங்கட வயதுச் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சுக் கட்டடத்துக்குள் போய்க் குந்தியிருந்தார்கள். வேலிக்குள் அடைத்தால் மானுக்கு என்ன வரும் என்று மந்தைக்காரருக்குத் தெரியும். வைரசின் பெயர் தெரியாமலே தெரியும்.

2020 இல் எங்கட வடக்கில் மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்தது ஞாபகமிருக்கா? அதுவும் பொக்ஸ் குடும்பத்து வைரஸ்தான். கடிக்கிற பூச்சிகள் காவித் திரிவது. மாதிரி எடுத்தார்கள், பெயர் கண்டுபிடித்தார்கள். அது கட்டாயம் வேண்டும். பெயர் தெரியாமல் தடுப்பூசி போட ஏலாது. ஆனால் அடுத்த முறை ஆய்வுகூட அறிக்கை வரும்போது, மாடு வைத்திருப்பவரிடமும் ஒருக்காப் போய்க் கேட்க வேண்டும்: இந்த வருசம் எங்க மேய்ச்சனீங்கள், போன வருசம் மேய்ச்ச இடத்துக்கு என்ன நடந்தது, இப்ப எத்தனை மாடு ஒரு பட்டியில நிக்குது? செமினாரின் கடைசி ஸ்லைடில் இந்தக் கேள்விகளைத்தான் போட்டிருக்கிறேன்.