வேலியை எங்கே போடுவது?

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் கல்விப் பதிப்பு 2016-ல் வந்தது. அதில் ஆசிரியர் கையில் மூன்று வகைக் கட்டைகள் உண்டு. எல்லைக் கட்டையை மாணவர் தாண்ட முடியாது. தடைக் கட்டைக்கு மேலே எதையும் கட்ட முடியாது. அனுமதிக் கட்டை, கட்டுவதற்கு இடம் விடும். விளையாட்டை வைத்துப் பாடம் நடத்துவதன் முழுச் சிக்கலும் இந்த மூன்றுக்குள் அடங்கியிருக்குன்னு நினைக்கிறேன். "வேலி போட்டால் அது விளையாட்டே இல்லையே" என்பார்கள். வேலி இல்லாத விளையாட்டு எதுங்க? சதுரங்கத்துக்கு 64 கட்டம்தான். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தால் அவுட். "பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், விட்டுடுங்க" என்பது அடுத்த வாதம். கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் மறுத்தது: புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டல் குறைந்தால், தேடுவதிலேயே மனம் களைத்துப்போகும். போதிய அறிவு சேர்ந்த பிறகுதான் வழிகாட்டலின் பலன் குறையும்.

அதுக்காக ஒவ்வோர் அடிக்கும் வேலி போட்டால் மிஞ்சுவது வண்ணம் பூசிய வினாத்தாள். என் கட்சி இதுதான்: கணக்குக்கு வேலி போடுங்க, வழிக்குப் போடாதீங்க. "சுற்றளவு 24 வரும்படி ஒரு செவ்வக வீடு கட்டு, உள்ளே இடம் அதிகமா இருக்கணும்" என்று மட்டும் சொல்லுங்க. பத்துக்கு இரண்டு கட்டுகிற பிள்ளைக்குப் பரப்பு 20 கிடைக்கும், ஆறுக்கு ஆறு கட்டுகிற பிள்ளைக்கு 36. அந்த வித்தியாசத்தைப் பார்த்து "ஏன்?" என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகும் வேலி அங்கேயே இருக்கணுமா?