தெரியாது என்பதற்கும் பரிசு உண்டு



2000இல் அமிதாப் பச்சன் நடத்திய ‘கௌன் பனேகா குரோர்பதி’ முதல் சீசன் நினைவிருக்கிறதா? ஒரு கோடிக்கு 15 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஐந்தைத் தாண்டிவிட்டால், பிறகு தவறினாலும் 10,000 ரூபாய் உறுதி. பத்தைத் தாண்டினால் 3,20,000. தடுமாறினால் மூன்று உதவிகள்: இரண்டு தவறான விடைகளை நீக்கச் சொல்லலாம், பார்வையாளர்களைக் கேட்கலாம், நண்பருக்குப் போன் போடலாம்.

எனக்குப் பிடித்த விதி வேறு. கேள்வியைப் பார்த்த பிறகும் ‘போதும்’ என்று விலகலாம். 6,40,000 ரூபாய் வென்றவர், பன்னிரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் விலகினால் அந்தப் பணம் முழுதும் அவருக்கே. குத்துமதிப்பாகச் சொல்லித் தவறினால் 3,20,000க்கு இறங்கிவிடுவார். ‘தெரியாது’ என்று ஒப்புக்கொள்வதற்கு அங்கே 3,20,000 ரூபாய் மதிப்பு!

என் வகுப்பில் அதே சொல்லைச் சொன்னவர்களை பெஞ்சு மேல் ஏற்றினேன். அதனால்தான் புரியாததற்கும் தலையாட்டப் பழகினீர்கள். தவறு என்னுடையது. அன்று பெஞ்சில் நின்றவர்கள் இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

இப்போது பேரன் கணக்கைப் பார்த்து ‘தெரியல தாத்தா’ என்றால், ‘சபாஷ், வா, சேர்ந்து பார்ப்போம்’ என்கிறேன்.