தீவு விட்டுத் தீவு போகும் சின்ன விமானம்

நம் புதுச்சேரியில் சொல்தா குடும்பம் இல்லாத தெரு குறைவு. அந்தக் காலத்தில் பாரீஸ், மர்சேய் என்று போனார்கள். இப்போது பிள்ளைகள் வேலை மாற்றலாகிப் பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுக்கும் போகிறார்கள். ரெயூனியோன் நமக்குக் காதில் பழகிய பெயர். குவாதலூப், மர்த்தினீக் என்றால்தான், "அது ஆப்பிரிக்காவா?" என்று கேட்கிறார்கள். இல்லை. இரண்டு அமெரிக்கக் கண்டங்களுக்கும் நடுவில், கரீபியன் கடலில் மணி கோத்ததுபோல் கிடக்கும் தீவுகளில் இரண்டு அவை.

என் மருமகன் குவாதலூப்பில் லிசேயில் கணக்கு ஆசிரியர். என் மனைவியின் அக்காள் மகன் மர்த்தினீக்கில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறான். அவன் சொல்லித்தான் என் மகள் குடும்பமும் அந்தப் பக்கம் போனது. நானும் வீட்டுக்காரியும் இரண்டு முறை போய் மூன்று மூன்று மாதம் தங்கினோம். தீவுக்குத் தீவு பல முறை பறந்தோம். பெரிய விமானத்தில் போகும் விதம் நம் பிள்ளைகளே சொல்லித் தந்துவிடுவார்கள். இந்தச் சின்ன விமானங்களின் சங்கதி வேறு. எழுபதைத் தாண்டிய ஒருவர், அதே வயதுக்காரர்களுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விசா. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. குவாதலூப்பும் மர்த்தினீக்கும் பிரான்சின் மாவட்டங்கள், செலாவணி யூரோதான், ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தவை. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரீசுக்கு வாங்கிய சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்று விசாவில் பிரெஞ்சில் எழுதியிருக்க வேண்டும். பாரீசில் இறங்கி விமான நிலையம் மாற வேண்டியிருக்கும் என்பதால் அதற்கான அனுமதியும் தனியாக வேண்டும். சென்னையிலிருந்து போனால் சார்ல் தெ கோலில் இறங்குவீர்கள்; தீவு விமானம் பெரும்பாலும் ஊரின் அந்தக் கோடியில், ஓர்லியிலிருந்து புறப்படும்.

இன்னொன்று. இரண்டு தீவுக்கும் நடுவில் டொமினிக்கா என்று தனி நாடு. இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம். அட, பக்கத்தில்தானே என்று கிளம்பிவிடலாம். ஆனால் உங்கள் பிரெஞ்சு விசா ஒரே ஒரு முறை நுழைய மட்டும் என்றிருந்தால், திரும்பி மகள் வீட்டுக்கு வர முடியாது. பல முறை நுழையும் விசா கேட்டு வாங்குங்கள். இந்த டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு என்பதையும் டிக்கெட் எடுக்கும் பையனிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

அடுத்தது எந்த விமான நிலையம் என்பது. சின்னத் தீவுதானே, ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. சென் லூசியாவில் இரண்டு. தெற்குக் கோடியில் ஹெவனோரா, வடக்கே தலைநகர் காஸ்ட்ரீசில் ஜார்ஜ் சார்ல்ஸ். பெரிய விமானங்கள் முதலாவதில், தீவு விமானங்கள் பெரும்பாலும் இரண்டாவதில். நடுவில் மலைப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். சென் மர்த்தேன் தீவில் பிரெஞ்சுப் பகுதிக்கு ஒன்று, டச்சுப் பகுதிக்கு ஒன்று. டொமினிக்காவில் முக்கிய நிலையம் வடகிழக்கில் இருக்கிறது, தலைநகர் ரோசோ தென்மேற்கில். விமானத்தில் வந்த நேரத்தைவிட டாக்சியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம்.

விமானம் பெரும்பாலும் ஏ.டி.ஆர். என்ற வகை. பிரான்சின் துலூசில் கட்டுவது. இரண்டு பக்கமும் விசிறி சுழலும். நம் புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு வருவதும் இதே வகைதான். 50 அல்லது 70 பேர் உட்காரலாம். இதில் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று. ஏறுவது பின்வாசல் வழியாக. நாலைந்து படிதான், ஆனால் ஒடுக்கமானது. முழங்கால் வலி உள்ளவர்கள் பின்வரிசை இருக்கை கேட்டு வாங்கினால் உள்ளே நடக்க வேண்டியதில்லை. முன்வரிசை விசிறிக்குப் பக்கம் என்பதால் சத்தம் அதிகம். அதற்கும் பின்வரிசையே மேல். மூன்றாவது, இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கடல் தெரியும். ஜன்னலுக்காக யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம்.

தலைக்கு மேல் உள்ள பெட்டி அலமாரி சிறியது. பாரீஸ் விமானத்தில் கையோடு கொண்டுவந்த சக்கரப் பெட்டியை இங்கே படிக்கட்டுக்குக் கீழேயே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். ஆகவே சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, பாஸ்போர்ட், பல் செட், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே மேலாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கேட்டால் பையை உருவிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம். என் வீட்டுக்காரி இன்சுலின் போடுகிறவள். ஒரு முறை எங்கள் பெட்டிகள் அடுத்த நாள்தான் வந்தன. மஞ்சள் பை கையில் இருந்ததால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

19 பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் இன்னும் சிறியது. அதில் உங்கள் எடையையும் கேட்பார்கள், சில இடத்தில் தராசில் நிற்கவும் வைப்பார்கள். கோபப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். விமானம் சமமாக நிற்க யாரை எங்கே உட்கார வைப்பது என்பதற்குத்தான் கேட்கிறார்கள். மருமகன் என்னைச் சென் பார்தெலெமி தீவுக்கு இதில் கூட்டிப்போனார். ஓடுதளம் சுமார் 650 மீட்டர். ஒரு மேட்டைத் தாண்டியதும் விமானம் மூக்கைக் கவிழ்த்து இறங்குகிறது. ஓடுதளம் முடியும் இடத்தில் கடற்கரை. தனி அனுமதி பெற்ற விமானிகள் மட்டுமே அங்கே இறக்கலாம், இருட்டிய பிறகு அந்த நிலையம் இயங்காது. பக்கத்தில் சாபா என்ற தீவில் ஓடுதளம் 400 மீட்டர்தான். பயணிகள் விமானம் இறங்கும் ஓடுதளங்களில் உலகிலேயே மிகச் சிறியது அது. இதய நோய்க்காரர்கள் கரையிலிருந்து வேடிக்கை பார்க்கலாம்.

நேரம் என்று ஒன்று டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும். அதை நம் டவுன் பஸ் நேரம்போல எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விமானம் காலை முதல் மாலை வரை நாலைந்து தீவுகளைச் சுற்றுகிறது. முதல் தீவில் அரை மணி தாமதமானால் கடைசித் தீவில் இரண்டு மணியாகிவிடும். அதனால் காலை முதல் விமானத்தையே எடுங்கள். லியாட் என்ற பழைய தீவு விமானக் கம்பெனி 1956-இல் மொன்செராட் தீவில் ஒரே ஒரு குட்டி விமானத்தோடு தொடங்கியது. அந்த நாலு எழுத்துக்கு, தோன்றும்போது தீவை விட்டுக் கிளம்பும் கம்பெனி என்றும், உங்கள் பெட்டி வேறு நிலையத்தில் இருக்கிறது என்றும் தீவுக்காரர்கள் விரிவு சொல்லிச் சிரிப்பார்கள். கேலி செய்தார்களே தவிர, பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் முதல் கிரிக்கெட் ஆட்டக்காரர் வரை அதில்தான் போய்வந்தார்கள். 2020-இல் கொரோனா காலத்தில் அது முடங்கியபோது பல தீவுகள் கை ஒடிந்ததுபோல் ஆயின. 2024-இல் அதே பெயரை ஒட்டிப் புதுக் கம்பெனி ஒன்று பறக்கத் தொடங்கியது. இந்தச் சின்னக் கம்பெனிகள் வரும், போகும். ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள்.

தீவு விமானமும் பாரீஸ் விமானமும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டு பேருக்குப் பாரீஸ் டிக்கெட்டை மறுபடி வாங்குவது என்றால் ஒரு வருடப் பென்ஷனில் பெரிய துண்டு விழும்.

பருவமும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் உச்சம். 2017 செப்டம்பரில் இர்மா சென் மர்த்தேனையும், சில நாளில் மரியா டொமினிக்காவையும் அடித்து நொறுக்கின. தானே புயலைப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கார்னவல் சமயத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இடம் கிடைக்காது.

இப்போது ரத்தாகும் கதை. இரண்டாவது பயணத்தில் ஒரு வியாழக்கிழமை, மனைவியின் அக்காவை மர்த்தினீக்கில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவர் மகன் போன் செய்தான். "சித்தி, சீக்கிரம் வந்துடுங்க" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை விமானத்தில்தான் இடம் இருந்தது. நிலையத்துக்குப் போய்ப் பெட்டியும் போட்டுவிட்டோம். ஏழு மணிக்கு, இயந்திரக் கோளாறு, விமானம் ரத்து என்றார்கள். அடுத்து ஞாயிறு மாலை இடம் தருகிறோம் என்றார்கள். கவுண்டரில் இருபது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் 34 வருடம் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன். கத்துகிறவருக்கு உள்ளே இருப்பவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். என் முறை வரும்வரை நின்று, முதலில் "பொன்ழூர் மதாம்" சொன்னேன். அந்தத் தீவுகளில் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் முகம் இறுகிவிடும். பிறகு மூன்றைக் கேட்டேன்: டிக்கெட் பணம் திரும்ப வேண்டும், பெட்டி இப்போதே வேண்டும், காரணம் இயந்திரக் கோளாறு என்று எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும். அந்தப் பெண் பத்து நிமிடத்தில் மூன்றையும் கொடுத்தார்.

அந்தக் காகிதத்துக்கு ஒரு காரணம் உண்டு. குவாதலூப், மர்த்தினீக்கிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதி செல்லும். கடைசி நேரத்தில் ரத்தானால், டிக்கெட் பணம் போக, 1500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு ஆளுக்கு 250 யூரோ நஷ்டஈடு. புயல் என்றால் அது கிடையாது. ஆனால் காத்திருப்பவருக்குச் சாப்பாடும், தேவையானால் தங்கும் இடமும் தர வேண்டும். சாதாரண இயந்திரக் கோளாறைச் சாக்காகச் சொல்ல முடியாது. பிறகு நான் பதிவுத் தபாலில் எழுதி, மூன்றாம் மாதம் 500 யூரோ வந்தது. அது பிறகு நடந்தது.

அன்று இரவு எங்களுக்கு முக்கியம் எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான். மறுநாள் காலை புவான்-தா-பித்ர் துறைமுகத்திலிருந்து கப்பல். குவாதலூப், டொமினிக்கா, மர்த்தினீக் வழியில் வேகக் கப்பல் ஓடுகிறது; எல்லா நாளும் கிடையாது, அந்தச் சனிக்கிழமை இருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல். தீவுகளுக்கு நடுவே அலை அதிகம். என் வீட்டுக்காரி வழியெல்லாம் வாந்தி. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அக்காவுக்கு நல்ல நினைவு. "வந்துட்டியாடி" என்றார்கள். மாலை வரை இருவரும் பேசினார்கள். முத்தியால்பேட்டை வீடு, கிணற்றடி, அப்பா வாங்கித் தந்த ஒரே ஒரு ஜோடித் தோடு யாருக்கு என்று போட்ட சண்டை எல்லாம் பேசினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு விடியற்காலை அக்காவுக்குப் பேச்சு நின்றது. செவ்வாய்க்கிழமை போய்விட்டார்கள். ஞாயிறு மாலை விமானத்துக்குக் காத்திருந்தால் அந்தப் பேச்சு கிடைத்திருக்காது. ஆகவே தீவுக்குப் போகும் அன்றே கப்பல் நேர அட்டவணையை ஒரு தாளில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நல்ல விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தில் ஏற அழைக்கும்போது சில சமயம் பயணிகளின் குடும்பப் பெயரைப் படிப்பார்கள். மூத்துசாமி, ராமசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு உச்சரிப்பில் வளைந்து வரும். 1853-இல் மர்த்தினீக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட வேலைக்காக முதல் கப்பல்கள் வந்தன. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இவர்கள். தமிழ் பேச வராது. ஆனால் மாரியம்மன் உண்டு. கறிக்குழம்பு 'கொலொம்போ' என்ற பெயரில் எல்லா ஓட்டலிலும் உண்டு. அவர்கள் முன்னோர் மாதக்கணக்கில் கடலில் கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். நாம் சின்ன விமானத்துக்கு இரண்டு மணி காத்திருக்கிறோம். பக்கத்து நாற்காலியில் அப்படி ஒருவர் இருந்தால், பாண்டிச்சேரியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். விமானம் வரும்வரை பொழுது போவதே தெரியாது.