அப்பாவும் மிரோன் கல்லுக்கிடங்கும்

கர்க்லாண்டில் இருக்கிற எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயில், பிறகு தமிழ்க்கடை, பிறகு வீடு. தீவின் கிழக்குப் பக்கம் போக ஒரு காரணமும் இருப்பதில்லை. போன கோடையில் மகளுக்கு சர்க்கஸ் காட்டலாமென்று 40ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து சென்-மிஷெல் போனோம். அப்பாவும் வந்தார், அரை மனதோடு.

அங்கே தோஹு என்ற வட்ட அரங்கு இருக்கிறது. 2004இல் திறந்தது. பக்கத்திலேயே சர்க் து சொலேய் தலைமையகமும் தேசிய சர்க்கஸ் பள்ளியும். காட்சிக்கு நேரம் இருந்ததால் ஃபிரெடெரிக் பாக் பூங்காவில் நடந்தோம். புல்வெளி முழுக்கப் பெரிய வெள்ளை உருண்டைகள்.

"ராட்சசன் கோல்ஃப் விளையாடினவனோ?" என்றாள் மகள்.

நாங்கள் நின்றது குப்பைக்கு மேல். முன்பு அது மிரோன் கல்லுக்கிடங்கு. சுண்ணாம்புக்கல் வெட்டி, அங்கேயே சீமெந்து செய்து, இந்த நகரத்தைக் கட்டினார்கள். 1968இலிருந்து வெட்டிய பள்ளத்துக்குள் குப்பை கொட்டினார்கள், ஏறத்தாழ 4 கோடி தொன். முதலில் வெடி அதிர்வும் தூசியும், பிறகு நாற்றம். சென்-மிஷெல் சனம் வருடக்கணக்காகச் சண்டை பிடித்த பிறகுதான் 1984இல் மாநகரசபை இடத்தை வாங்கியது. 1988இல் சீமெந்து ஆலையின் புகைபோக்கிகளை வெடிவைத்து விழுத்தினார்கள்.

அந்த உருண்டைகள் வாயுக் கிணறுகளின் மூடிகள். குப்பை அழுகும்போது வருகிற மீதேனைக் குழாயில் இழுத்து, 1996 முதல் காஸ்மோன்ட் நிலையத்தில் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அந்த நிலையத்தின் மிச்சச் சூட்டில் குளிர்காலத்தைக் கடக்கிற மாதிரித்தான் தோஹுவைக் கட்டியிருக்கிறார்கள். குப்பை பழசாகப் பழசாக வாயுவும் குறையும், அது வேறு கதை.

அப்பா ஒன்றும் பேசவில்லை. காங்கேசன்துறை சீமெந்து பக்டரி 1950இல் தொடங்கியது. அதன் சங்குச் சத்தத்தில் எழும்பி வளர்ந்தவர் அவர். 1990இல் யுத்தத்தோடு அது நின்றுபோனது.

"எங்கட கிடங்கு அப்பிடியே கிடக்கு," என்றார் கடைசியில். "இவங்கள் கூத்துப் போடுறாங்கள்."

அவர் குரலில் கேலியா ஏக்கமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் கேள்வி சரியானது. கூத்தால் ஆலை வேலை திரும்பி வருமா? வராது. தோஹுக்காரர் அதைப் புரிந்துதான், சுற்றுவட்டாரத்து ஆட்களை வேலைக்கு எடுப்பதை ஆரம்பத்திலேயே கொள்கையாக வைத்தார்கள். சர்க்கஸ், சூழல், அயலவர் மூன்றும் சேர்ந்தால்தான் தங்கள் வேலை என்றார்கள். ஓகஸ்டில் லா ஃபாலா என்றொரு விழாவும் நடத்தினார்கள். ஸ்பெயினின் வலென்சியா ஊர் வழக்கம் அது. வேலை தேடித் திண்டாடிய இளைஞர்கள் கோடை முழுக்க இருந்து பெரிய உருவமொன்றைச் செய்வார்கள், கடைசி இரவில் ஊர் கூடி அதை எரிக்கும்.

"செய்யிறதை ஏன் எரிக்கினம், அப்பப்பா?"

இதற்கு மட்டும் அப்பாவிடம் உடனே பதில் இருந்தது. கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கட்டுவதை, பொடியள் ஓலை தேடி அலைவதை, தீ எழும்பும்போது ஊரே அண்ணாந்து நிற்பதைச் சொல்லத் தொடங்கினார். எனக்கே சொல்லாத கதை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்குப் பாதி விளங்கியிருக்காது, ஆனால் கையை விடவில்லை.

காட்சிக்குப் பிந்தித்தான் உள்ளே போனோம். ஒரு பெண் கயிற்றில் தலைகீழாகத் தொங்கினாள். அப்பா மேலே பார்க்கவில்லை, கூரையையும் தூண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறும்போது, "தையில ஒருக்கா வருவம்," என்றார். "இந்தக் குப்பைச் சூடு மொன்றியல் குளிருக்குக் காணுமோ எண்டு பாக்கோணும்."